பஸ் முதலாளியின் ஒன்றரை லட்சம் நமக்கு வேண்டாம்

சங்கத்து உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஊர் பஸ் ஸ்டாப்பில் நிழற்குடை கட்டுவதற்கான வசூல் பற்றி வந்த மடல்கள் எல்லாவற்றையும் நேற்று ராத்திரி டூட்டி முடிந்து வந்து படித்தேன். தலைக்கு ஐயாயிரம் கேட்டிருக்கிறீர்கள், நான் பத்தாயிரம் தருகிறேன். ஆனால் நம் ஊர் வழியாக ஓடும் இரண்டு தனியார் பஸ்ஸில் ஒன்றான மஞ்சள் வண்டியின் முதலாளி ஒன்றரை லட்சம் தருகிறார், பதிலுக்கு அவருடைய காலை ட்ரிப்பை 8.05-க்கு மாற்றச் சொல்லி சங்கம் ஆதரவுக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று தலைவர் மாமா கடைசி வரியில் எழுதியிருக்கிறாரே, அது கூடாது. அந்தப் பணமும் வேண்டாம், கடிதமும் வேண்டாம்.

போன மாதம் பதினைந்து நாள் லீவில் ஊரில் இருந்தேன். அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக பட்டுக்கோட்டைக்குக் கிளம்பி ஆலமரத்து ஸ்டாப்பில் நின்றோம். 8.10-க்கு வர வேண்டிய இன்னொரு தனியார் பஸ்ஸான பச்சை வண்டி 8.14-க்கு வந்தது. அதன் பின்னாலேயே, 8.20-க்கு வர வேண்டிய மஞ்சள் வண்டி, ஹார்னில் வைத்த கையை எடுக்காமல். அம்மா ஒரு காலைப் படியில் வைத்துக் கம்பியைப் பிடித்தார்கள், அவ்வளவுதான், மஞ்சள் வலது பக்கம் ஏறி முந்தப் பார்க்க, பச்சைக்காரர் விசில் வருவதற்கு முன்னாலேயே வண்டியை எடுத்துவிட்டார். நான் பின்னால் இடுப்பைத் தாங்கி உள்ளே தள்ளி, ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டேன். அம்மாவின் ஒரு செருப்பு ரோட்டில் விழுந்தது, மஞ்சள் வண்டியின் பின் சக்கரம் அதன் மேல் ஏறிப் போனதைப் பார்த்தேன். சீட்டில் உட்கார்ந்த பிறகும் பட்டுக்கோட்டை வரும்வரை அம்மா முன் சீட்டுக் கம்பியை விடவே இல்லை. 71 வயது.

இது டிரைவர்களின் திமிர் மட்டும் இல்லை. டிக்கெட் விலையில் இவர்கள் போட்டி போட முடியாது, கட்டணத்தை அரசுதான் நிர்ணயிக்கிறது. 2018 ஜனவரியில் டவுன் பஸ்ஸில் குறைந்தபட்சம் 3 ரூபாயாக இருந்ததை 5 ஆக்கினார்கள், நினைவிருக்கும். அப்படியானால் போட்டி எதில்? நிமிஷத்தில்தான். ஸ்டாப்பை முதலில் தொடுகிற வண்டிக்குத்தான் கூட்டம். இந்த இரண்டு வண்டியிலும் டிரைவர், கண்டக்டர் பேட்டா கலெக்‌ஷனைப் பொறுத்தது என்று கண்டக்டரே என்னிடம் சொன்னார். நாலு நிமிஷம் பிந்தினால் அவர் வீட்டு அரிசியில் குறைகிறது, அதனால் மிதிக்கிறார்கள். போதாக்குறைக்கு 2021 மே மாதத்திலிருந்து அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், பிள்ளைகளின் இலவச பாஸும் அரசு பஸ்ஸில்தான் செல்லும். மிச்சம் இருக்கிற டிக்கெட்டுக்கு இரண்டு பேரும் அடித்துக்கொள்கிறார்கள். இப்போது மஞ்சளுக்கு 8.05 வாங்கிக் கொடுத்தால் பச்சைக்காரர் 8.00 கேட்பார். அதற்கும் ஒரு கடிதம் கொடுப்போமா?

அக்கா பதினோரு நாள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நேரம் குறித்து வைத்திருக்கிறாள். ஏழு நாள் இரண்டு வண்டியும் இரண்டு நிமிஷத்துக்குள் ஒன்றாக வந்திருக்கின்றன. அதன் பிறகு 9.35 வரை எதுவும் இல்லை. போட்டி வந்தால் வசதி பெருகும் என்று கத்தார் அண்ணன் எழுதியிருந்தார். வண்டி இரண்டானதே தவிர, காத்திருக்கும் நேரம் குறையவில்லை அண்ணே.

பொருளாளர் சித்தப்பா கஜா புயலுக்கு வசூலித்த கணக்கைத் திரும்ப எடுத்திருக்கிறார். 2018-இல் வசூலித்ததில் கடைசி நாற்பதாயிரத்துக்கு ரசீது வேண்டும் என்று அவர் கேட்பது நியாயம், கொடுத்துவிடுங்கள். ஆனால் அதையும் நிழற்குடையையும் முடிச்சுப் போட்டு இன்னொரு வருஷம் இழுக்க வேண்டாம். அப்புறம் மாமா, மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. பச்சை வண்டி வீட்டோடு உங்களுக்கு இருக்கிற வரப்பு வழக்கு வேறு, சங்கத்து லெட்டர்பேடு வேறு. கஜா அடித்த மறுநாள், தென்னையெல்லாம் ரோட்டை மறித்துக் கிடந்தபோது, மரத்தை வெட்டி வழி பண்ணித் தண்ணீர் கேன் கொண்டுவந்தது பச்சை வண்டிதான், ஒரு பைசா வாங்கவில்லை. என் சின்ன அத்தையைப் பிரசவத்துக்கு நடு ராத்திரியில் ஏற்றிப் போனதும் அவர்கள் அப்பாதான். அதற்காகப் பச்சைக்கும் கடிதம் கொடுக்கச் சொல்ல மாட்டேன். அம்மாவின் காலைப் பார்க்காமல் வண்டியை எடுத்ததும் அதே பச்சைதான்.

ஊர்ப் பெயர் பெரிதாகத் தெரிய வேண்டும், கிரானைட் போட வேண்டும் என்கிறார் மஸ்கட் மாப்பிள்ளை. போடலாம். பஸ் கம்பெனி பெயர் மட்டும் அதில் வரக்கூடாது. அந்த ஒன்றரை லட்சம் இல்லாமல் முடியாது என்றால் கிரானைட் வேண்டாம், சிமெண்ட் பெஞ்சு போதும்.

சங்கம் கடிதம் எழுதத்தான் வேண்டுமென்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வேறு மாதிரி எழுதுவோம். பெர்மிட்டோடு நேர அட்டவணையும் உண்டு, நிபந்தனையை மீறினால் பெர்மிட்டை நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ மோட்டார் வாகனச் சட்டம் 86-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. இரண்டு வண்டிக்கும் நடுவில் இருபது நிமிஷமாவது இடைவெளி வேண்டும், நம் ஸ்டாப்பில் முழுசாக நின்று ஏற்ற வேண்டும் என்று கேட்போம். அக்காவின் குறிப்பை ஸ்கேன் செய்து இணைக்கலாம். இன்னொன்று, கீழத்தெருவுக்கு அப்பால் இருக்கிற குடியிருப்புக்கு இன்றுவரை பஸ்ஸே கிடையாது. 2025 ஜூனில் நம் தஞ்சாவூரில் வைத்துத்தான் புதிய மினி பஸ் திட்டத்தைத் தொடங்கினார்கள், பஸ் போகாத ஊர்களுக்கென்றே வந்த திட்டம் அது. அதற்கும் சேர்த்து மனு போட்டால், இந்த இருவர் சண்டையில் மாட்டாமல் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு எனக்கு டூட்டி, வர முடியாது. மனுவை நானே எழுதி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன், கையெழுத்து போடுகிறவர்கள் சொல்லுங்கள். மஞ்சள் முதலாளியிடம் முன்பணம் ஏதும் வாங்கியிருந்தால், மாமா, கூட்டத்துக்கு முன்னால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என் பத்தாயிரத்தை அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன்.