மீல்வார்ம் பெட்டியில் தூசி நகர்கிறது, தவிட்டைக் கொட்டிவிடவா?

பல்லிப்பையன்: சென்னையில் மழை ஆரம்பித்ததிலிருந்து என் மீல்வார்ம் (பல்லிக்குத் தீனியாக வளர்க்கும் வண்டுப்புழு) பெட்டியின் உள்சுவரில் பழுப்பு நிறத்தில் தூசி ஏறுகிறது, வழித்துவிட்டால் மறுநாளே திரும்ப வந்துவிடுகிறது. கோதுமைத் தவிடு, ஈரத்துக்கு உருளைக்கிழங்குத் துண்டு, மூடியில் சின்ன ஓட்டைகள், இவ்வளவுதான் ஏற்பாடு. இது புழுவின் எச்சமா? என் வளர்ப்புப் பல்லி லெபர்ட் கெக்கோவுக்கு இந்தப் புழுவைக் கொடுக்கலாமா?

தவிட்டுவண்டு: எச்சம் மணல் மாதிரி அடியில் கிடக்கும் தம்பி, சுவர் ஏறாது. கறுப்புக் காகிதத்தில் அந்தத் தூசியைக் கூம்பாகக் குவித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். தானாகச் சரிந்து பரவியிருந்தால் மைட்தான், அதாவது தவிட்டில் வாழும் பொடிப்பொடி உண்ணி. நசுக்கினால் லேசாகப் புதினா வாசனைகூட வரும்.

மழைத்தவளை: அரிசி டப்பாவில் வேப்பிலை போடுவோமே, இதிலும் போட்டால் என்ன?

தவிட்டுவண்டு: வேப்பிலைக்கு மைட்டும் ஒன்றுதான், புழுவும் ஒன்றுதான். அந்துருண்டை பக்கம் போகவே வேண்டாம்.

பல்லிப்பையன்: குவித்து வைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்தேன் அண்ணே, கூம்பு தோசை மாதிரி தட்டையாகிவிட்டது! ஆனால் வண்டு முட்டையிட்ட தவிடு, கொட்ட மனசு வரவில்லை.

தவிட்டுவண்டு: கொட்டுங்கள். ஒரு பெண் வண்டே நூற்றுக்கணக்கில் முட்டையிடும், வண்டு இருக்கும்வரை முட்டைக்குப் பஞ்சமில்லை. புழுக்களைச் சல்லடையில் சலித்து, தண்ணீரில் ஒரு அலசு அலசி, செய்தித்தாளில் பரப்பி ஃபேன் காற்றில் உலரவிடுங்கள். கூட்டுப்புழுவை அலசாமல் மெல்லிய பிரஷ்ஷால் துடைத்துத் தனி டப்பாவில் வையுங்கள், அதற்குத் தீனியே வேண்டாம், ஈரமும் வேண்டாம். புதுத் தவிட்டை வாணலியில் சூடேற வறுத்து நன்றாக ஆறவைத்த பிறகே போட வேண்டும், ஏனென்றால் மைட் பெரும்பாலும் கடைத் தவிட்டோடுதான் வீட்டுக்குள் வருகிறது. ஈரக்காற்று இல்லாவிட்டால் மைட்டால் பிழைக்க முடியாது, மீல்வார்மோ வறண்ட தவிட்டிலும் காலம் தள்ளிவிடும். அதனால் மழைக்காலத்தில் உருளைக்கிழங்கை நிறுத்திவிட்டு, மெல்லிய கேரட் சீவலை வைத்து அன்று சாயங்காலமே எடுத்துவிடுங்கள். மூடியில் பெரிதாக வெட்டி வலை ஒட்டுங்கள், ஊசி ஓட்டை போதாது.

மழைத்தவளை: கெக்கோவுக்கு?

தவிட்டுவண்டு: இந்த மைட் பல்லியின் ரத்தம் குடிக்கிற வகை இல்லை. அலசிய புழுவைக் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுக்கலாம். பழைய தவிட்டை மட்டும் கவரில் இறுகக் கட்டி உடனே வெளியே அனுப்பிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்து உங்கள் அம்மாவின் ரவை டப்பாதான்.