போலீஸ் மேல கேஸ் போட வெளிநாட்டு கோர்ட் உண்டுமா?

அம்பைக்காரன்:
போன மாசம் எங்க மச்சானை டீக்கடையில வச்சு போலீஸ் கூட்டிட்டுப் போச்சு. ராத்திரி பூரா வச்சிருந்துட்டு, 'ஆளு மாறிப் போச்சு'ன்னு விடியக்காலம் விட்டுட்டாவ. உள்ளங்கால் ரெண்டும் வீங்கி செருப்பு போட முடியல. காகிதம்னு ஒண்ணும் கொடுக்கல. ஐரோப்பாவுல ஸ்ட்ராஸ்பர்க்னு ஒரு ஊர்ல, சாதாரண ஆளு தன் அரசாங்கத்து மேலேயே கேஸ் போடலாமாம். நமக்கும் அப்படி ஒண்ணு வேணும்லா? அடிச்சவன்கிட்டயே போயி அடிபட்டதைச் சொல்லவா?

பாளை வக்கீல்:
தம்பி, ஆசியாவுக்கு அப்படி ஒரு கோர்ட்டே கிடையாது. ஹேக்ல இருக்க சர்வதேச நீதிமன்றத்துல நாடும் நாடும்தான் வழக்காட முடியும். ஐ.நா. குடிமை, அரசியல் உரிமை ஒப்பந்தத்துல 1979ல சேர்ந்தோம். தனி ஆள் புகார் அனுப்ப வழிவிடுத துணை ஒப்பந்தத்துல சேரல. சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்துல 1997ல போட்ட கையெழுத்து இன்னும் காயுது, உறுதிப்படுத்தவே இல்ல.

ஸ்ட்ராஸ்பர்க்கே இருந்தாலும், உள்ளூர் கோர்ட் எல்லாம் ஏறி இறங்கிட்டு வான்னுதான் சொல்லும். நம்ம கையில இருக்கதும் லேசுப்பட்டதில்ல. 1986ல மேற்கு வங்க சட்ட உதவி அமைப்புத் தலைவர் டி.கே.பாசு, போலீஸ் காவல் சாவுகளைப் பத்தி உச்ச நீதிமன்றத்துக்கு எழுதின கடிதமே வழக்காச்சு. 1996 தீர்ப்புல, கைதான நாளும் நேரமும் எழுதுத கைது மெமோவும், அதுல குடும்பத்தாரோ ஊர்ப் பெரிய மனுசரோ சாட்சிக் கையெழுத்தும் கட்டாயமாச்சு. சட்டவிரோதக் கைதுக்கு நஷ்டஈடு எங்க சட்டத்துல இல்லன்னு 1979ல அரசாங்கம் ஐ.நா.வுல எழுதிக் கொடுத்திருந்துச்சு; அதுக்கு இனி அர்த்தமில்லன்னும் அதே தீர்ப்பு சொல்லிட்டு.

மாஞ்சோலைப் பேத்தி:
தீர்ப்பெல்லாம் சரி அண்ணாச்சி. 1999 ஜூலை 23, கொக்கிரகுளம். எங்க மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட் ஆளுகளுக்குக் கூலி கேட்டுப் போன ஊர்வலத்துல போலீஸ் தடியடி. தாமிரபரணியில செத்தது 17 பேர், ஒன்றரை வயசுப் பிள்ளையும் சேத்து. விசாரிக்க கமிஷன் போட்டது யாரு? அதே அரசாங்கம். எங்க ஆச்சி வருசா வருசம் ஆத்துல பூ போட்டுட்டு வருதா, அவ்வளவுதான்.

பாளை வக்கீல்:
அதுல உங்க கூட சண்டைக்கு வரமாட்டேன்மா. வெளியாள் கண்ணு வேணும்தான். பிரான்ஸுக்கு எதிரான செல்மூனி வழக்குல, 1999ல, நல்லா உள்ள போனவன் காயத்தோட வந்தா அரசாங்கம்தான் காரணம் சொல்லணும்னு ஸ்ட்ராஸ்பர்க் சொன்னது. ஆனா அங்கயும் டாக்டர் சீட்டு இருந்ததாலதான் கேஸ் நின்னுச்சு. அம்பை தம்பி, அன்னைக்கே ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில காட்டினீங்களா? காயம் எப்படி ஆச்சுன்னு ஆஸ்பத்திரியில எழுதுத ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி இருக்கா? டீக்கடைக்காரர் சாட்சிக்கு வருவாரா? மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருசத்துக்குள்ள போயிரணும்.

அம்பைக்காரன்:
காப்பி இருக்கு. 'மாடிப்படியில வழுக்கி விழுந்தது'ன்னு எழுதியிருக்கு; மச்சான் பயந்துபோயி அப்படிச் சொல்லிட்டான். டீக்கடைக்காரர் வரமாட்டேங்காரு. ஸ்டேஷனுக்கு டீயே அவர் கடையில இருந்துதான் போகுது.