மறு: மல்ட்டிஃபங்ஷனல் ரூம் – ‘பொழுதறை’ என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

பல வேலைகளுக்குப் பயன்படும் ஒரே அறையை, அதாவது ‘மல்ட்டிஃபங்ஷனல் ரூமை’, தமிழில் எப்படிச் சொல்வது என்று இங்கே கேட்கப்பட்டிருந்தது. பலநோக்கு அறை, உருமாறு அறை, பல்பயனறை என இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. ஒரு வாரமாக மூன்றையும் வீட்டில் புழங்கிப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை.

‘பலநோக்கு’ என்றதும் சிங்கப்பூரில் சமூக மன்றத்தின் பலநோக்கு மண்டபம்தான் கண்முன் வரும். ‘உருமாறு’ என்றால் சுவரே நகர்வதுபோல் இருக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டும் அடுக்குமாடி வீட்டில் நகர்வது கட்டிலும் மேசையும்தான். ‘பல்பயனறை’ முதலில் எனக்கும் பிடித்திருந்தது. சுவரோடு மடித்து மாட்டும் சுவர்க்கட்டிலைப் பொருத்த வந்த பட்டுக்கோட்டைத் தம்பியிடம் அந்தச் சொல்லைச் சொன்னேன். “ஸ்டோர் ரூமாக்கா?” என்றார். அவர் கேட்டதில் தவறே இல்லை. பல பயன் என்றாலே கண்டதையும் போட்டுவைக்கும் இடம் என்றுதான் தோன்றுகிறது.

நாங்கள் இருப்பது பொங்கோலில், 65 சதுர மீட்டர் மூவறை வீடு. படுக்கையறை இரண்டில் ஒன்று அத்தைக்கு. மிச்சமிருக்கும் அறையிலும் ஹாலிலும்தான் நானும் கணவரும் வேலை பார்க்கிறோம். காலையில் இட்லித் தட்டை எடுத்ததும் மேசையை ஈரத்துணியால் ஒரு துடை, பிறகு காய்ந்த துணியால் ஒரு துடை. சாம்பார் வாசம் அடங்குவதற்குள் அவருடைய முதல் கூட்டம் தொடங்கிவிடும். உள்ளே கட்டிலைத் தூக்கிச் சுவரோடு மாட்டினால், அதன் அடிப்பலகையில் மடிந்திருக்கும் மேசை இறங்கும். அதுதான் என் அலுவலகம். கட்டில் இறங்கிவிட்டால் மேசை கிடையாது. ஒரே நேரத்தில் இரண்டு பயன் அங்கே இல்லவே இல்லை. எத்தனை பயன் என்பதைவிட எந்த வேளையில் எது என்பதுதான் அந்த அறையின் குணம்.

(இருவருக்கும் ஒரே நேரத்தில் அழைப்பு வந்தபோது ஒருவர் பாம் ஷெல்டருக்குள், அதாவது வீட்டுக்குள்ளேயே இருக்கும் அவசரகாலப் பாதுகாப்பு அறைக்குள், போய்ப் பார்த்தோம். கனத்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. உள்ளே போனதும் வைஃபை அறுந்தது. அந்தச் சுவரை இடிக்கவும் விதி இடம் தராது. அரிசி மூட்டையும் பெட்டிகளும் இருக்கும் அந்த அறைக்கு வேண்டுமானால் ‘பல்பயனறை’ பொருந்தும்.)

அதனால் என் பரிந்துரை: பொழுதறை. பொழுது + அறை, புணர்ச்சி இயல்பாக விழுகிறது. நாளைச் சிறுபொழுதுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய உணர்வைச் சொன்ன அகத்திணை மரபு நம்முடையது. வீட்டுக்கு அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ள உரிமை உண்டு.

‘கூடம்’ இருக்கிறதே என்று கேட்கலாம். பகலில் பந்தி, இரவில் பாய் என்று கூடம் இதே வேலையைத்தான் செய்தது. ஆனால் இங்கே யாரும் ஹாலைக் கூடம் என்பதில்லை. பள்ளிக்கூடம், ஆய்வுக்கூடம் என்று அந்தச் சொல் வேறு பக்கம் போய்விட்டது.

சொல் இப்போதே தேவைப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2024 அக்டோபர் பிடிஓ (தேவைக்கேற்பக் கட்டித் தரப்படும் புதிய வீடுகள்) விற்பனையில், காலாங்/வாம்போவின் கிராஃபர்ட் ஹைட்ஸ் திட்டத்தில் வீவக ‘வெள்ளை வீடு’களை முன்னோட்டமாக அறிமுகப்படுத்தியது. படுக்கையறைக்கும் ஹாலுக்கும் இடையே தடுப்புச் சுவர் இல்லாத வீடுகள். அங்கே படுக்கையறை எது, வரவேற்பறை எது என்பதைக் குடிவருபவரே முடிவு செய்கிறார். வரைபடத்தில் அந்த இடத்துக்குத் தமிழில் என்ன எழுதுவது?

‘பொழுதுபோக்கு அறை’ என்று மயங்குவார்களே என நண்பர் ஒருவர் தனிமடலில் கேட்டார். ‘பகலில் அலுவலகம், இரவில் படுக்கை’ என்று ஓரிரு முறை விளக்கத்தோடு எழுதினால் மயக்கம் நீங்கிவிடும் என்று நம்புகிறேன்.

இதோடு இன்னொரு சொல்லும் வேண்டும். அறையை ஒரு வேளையிலிருந்து அடுத்த வேளைக்கு ஆயத்தப்படுத்தும் வேலைக்குப் பெயர் இல்லை. வடிவமைப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். எங்கள் பழைய சோபாக் கட்டிலை விரிக்க ஐந்து நிமிடம் ஆகும். மெத்தையை நகர்த்தி, டீப்பாயைத் தள்ளி, விளக்கைத் தூக்கி… இரண்டே வாரத்தில் விரித்தபடியே விட்டுவிட்டோம், ஹால் போயிற்று. சுவர்க்கட்டிலுக்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. அறையை மாற்றும் இந்த வேலைக்குப் ‘பொழுதுமாற்று’ என்று வைத்திருக்கிறேன். இதைவிட நல்லதாக யாரிடமாவது இருக்கிறதா?