2009 வன்னிக் காணொளிகள்: மூலக் கோப்பு இருந்தால் சொல்லுங்கள்

வணக்கம். முள்ளிவாய்க்கால் இனப்படுகொலை பற்றி ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். 2009 ஜனவரி முதல் மே வரை புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் பக்கம் எடுத்த வீடியோ யாரிடமாவது இருக்கிறதா? தயவுசெய்து வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள். எடுத்த தேதி, நேர விவரமெல்லாம் அழிந்துபோகும், அப்புறம் ஆதாரமாக நிற்காது. பழைய போன், மெமரி கார்டு அப்படியே இருந்தால் ரொம்ப நல்லது. திறக்கவில்லை என்றாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படம் ஆடினாலும் பரவாயில்லை. பின்னால் தெரியும் பனை வரிசையையோ கோயில் கோபுரத்தையோ செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டே இடத்தைக் கண்டுபிடிக்க முடியும். முகம், பெயர் வேண்டாம் என்றால் காட்ட மாட்டோம்.

இன்னொன்று. பேட்டியின்போது கூட இருக்கத் தமிழ் பேசும் உளவள ஆலோசகர் ஒருவர் தேவை. எங்கே கேள்வியை நிறுத்துவது என்பதுதான் எங்களுக்குப் பிடிபடவில்லை. தெரிந்தவர்கள் உள்பெட்டிக்கு எழுதுங்கள்.