ரத்தக் கல்ச்சரில் ‘கிராம் பாசிட்டிவ் காக்கஸ்’ என்கிறார்கள், பெயர் தெரியும் முன்பே ஏன் வான்கோமைசின்?

கேட்பவர்:
அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து வார்டில் சேர்த்திருக்கிறோம். ரத்தக் கல்ச்சர் எடுத்ததில் இன்று காலை லேபிலிருந்து “கிராம் பாசிட்டிவ் காக்கஸ், கொத்துக் கொத்தாக” என்று மட்டும் போனில் சொன்னார்களாம், உடனே வான்கோமைசின் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். முழு ரிப்போர்ட் வர இன்னும் ஓரிரு நாள் ஆகுமாம். கிருமியின் பெயரே தெரியாமல் எதை வைத்து மருந்து கொடுக்கிறார்கள்? தேடிப் பார்த்தால் தொண்டைப் புண், நிமோனியா, டெட்டனஸ், ஆந்த்ராக்ஸ் எல்லாமே கிராம் பாசிட்டிவ் என்று வருகிறது, படிக்கப் படிக்கப் பயம்தான் கூடுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேப்_மேசை:
அந்த ஒரு வரியே நிறையச் சொல்லிவிடும். கிராம் சாயம் 1884இல் வந்தது, இன்றும் எங்கள் மேசையில் முதல் வேலை அதுதான். ஊதாச் சாயம் போட்டு, அயோடின் விட்டு, ஆல்கஹாலில் கழுவுவோம். பெப்டிடோகிளைகான் சுவர் தடியாக உள்ள பாக்டீரியா ஊதாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதுதான் கிராம் பாசிட்டிவ். சுவர் மெல்லியதாக, மேலே இன்னொரு சவ்வும் உள்ளவை ஊதாவை விட்டுவிட்டுக் கடைசியில் போடும் சிவப்புச் சாயத்தை ஏற்கும்.

அடுத்தது உருவம். டெட்டனஸ், ஆந்த்ராக்ஸ், லிஸ்டீரியா எல்லாம் குச்சி வடிவம், அவற்றை இப்போதே மறந்துவிடுங்கள். தொண்டைப் புண் தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சங்கிலியாக நிற்கும், நிமோகாக்கஸ் பெரும்பாலும் ஜோடி ஜோடியாகத் தெரியும். உருண்டையாகக் கொத்துக் கொத்தாக என்றால் அநேகமாக ஸ்டெஃபைலோகாக்கஸ். அதிலும் முக்கியமான கேள்வி, அந்தக் குடும்பத்தின் ஆபத்தான வகையான ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸா இல்லையா என்பது. பிளாஸ்மாவை உறைய வைக்கிறதா என்று பார்க்கும் கோயாகுலேஸ் சோதனை அதைப் பிரித்துக் காட்டும், பல நேரம் அன்றைக்கே தெரிந்துவிடும். உறைய வைக்காத வகை எல்லோருடைய தோலிலும் சாதுவாக இருப்பது, ஊசி குத்தும்போது பாட்டிலுக்குள் போய்விடும். அதனால் எத்தனை பாட்டிலில் வளர்ந்தது என்று கட்டாயம் கேளுங்கள். தனித்தனியாகக் குத்தி எடுத்த இரண்டு செட்டில் ஒன்றில் மட்டும் என்றால் தோல் கிருமியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வார்டு_மருத்துவர்:
மேலே சொன்னது சரி, ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: அது ஆரியஸ் என்று வந்துவிட்டால் ஒரே பாட்டிலில் வந்திருந்தாலும் அதைத் தோல் கிருமி என்று ஒதுக்கக் கூடாது.

வான்கோமைசின் ஏன் என்றால், ஆரியஸ் முதலில் பென்சிலினை உடைக்கக் கற்றது, அதற்காக மெத்திசிலின் வந்தது, 1961இலேயே அதற்கும் அடங்காத எம்ஆர்எஸ்ஏ இங்கிலாந்தில் பதிவாகிவிட்டது. அந்த வகையாக இருந்துவிட்டால் சாதாரண மருந்தில் இழக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து, எனவே பெயர் வரும்வரை மெத்திசிலினுக்கு அடங்கும் வகை, அடங்காத வகை இரண்டையும் அடக்கும் வான்கோமைசினைக் கொடுக்கிறார்கள். அவர்கள் செய்தது சரியே. ஆனால் ரிப்போர்ட்டில் மெத்திசிலினுக்கு அடங்கும் வகை என்று வந்தால் செஃபசோலின் அல்லது ஃப்ளூக்ளாக்சசிலின் போன்றதற்கு மாற்றுவதுதான் நல்லது, அந்த வகைக்கு இவை வான்கோமைசினைவிட நன்றாக வேலை செய்யும். “பெரிய மருந்தே ஓடட்டும்” என்று நீங்கள் கேட்டுக்கொள்ளாதீர்கள். வான்கோமைசின் ஓடும்வரை கிரியேட்டினினும் ரத்தத்தில் மருந்தின் அளவும் பார்ப்பார்கள், சிறுநீரகத்துக்காக.

அப்பாவின் பாதத்தில், விரல் இடுக்கில் புண் இருக்கிறதா? பேஸ்மேக்கர், செயற்கை வால்வு, டயாலிசிஸ் குழாய் ஏதாவது உண்டா?

கேட்பவர்:
இரண்டு செட்டிலுமே வளர்ந்திருக்கிறதாம், இப்போதுதான் கேட்டேன். குதிகாலில் ஒரு வெடிப்பு ஆறாமல் இருக்கிறது, அதை யாரிடமும் சொல்லவில்லை. பேஸ்மேக்கர் எதுவும் இல்லை. இரண்டு நாளாக முதுகு வலிக்கிறது என்கிறார், படுக்கை மாறியதால் என்று நினைத்தோம்.

வார்டு_மருத்துவர்:
குதிகாலையும் முதுகு வலியையும் இன்றே டியூட்டி மருத்துவரிடம் சொல்லுங்கள், ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆரியஸ் ரத்தத்தில் ஏறினால் இதய வால்விலும் முதுகெலும்பிலும் போய் உட்காரும் பழக்கம் உள்ளது, காய்ச்சலோடு புதிதாக வரும் முதுகு வலிக்கு எம்ஆர்ஐ எடுக்க வேண்டியிருக்கலாம். கால் மரத்தாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் போவதில் சிரமம் இருந்தாலோ அது அவசரம். ஆரியஸ் என்று உறுதியானால் இதயத்துக்கு எக்கோ கட்டாயம் பார்க்க வேண்டும், ரத்தக் கல்ச்சரும் கிருமி இல்லை என்று வரும்வரை திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். நரம்பு வழி மருந்தின் நாள் கணக்கு அந்த முதல் சுத்தமான கல்ச்சரிலிருந்துதான் தொடங்கும், எந்தச் சிக்கலும் இல்லாவிட்டாலே 14 நாள், வால்விலோ எலும்பிலோ இருந்தால் 4 முதல் 6 வாரம் அல்லது அதற்கு மேலும். காய்ச்சல் விட்டதும் வீட்டுக்குக் கூட்டிப் போகிறோம் என்று நிற்காதீர்கள்.

லேப்_மேசை:
குதிகால் வெடிப்பில் சீழ் இருந்தால் அதையும் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லுங்கள். ரத்தத்தில் வந்த அதே கிருமி அங்கேயும் வளர்ந்தால், அது உள்ளே வந்த வழி பெரும்பாலும் அதுதான்.