விருந்துக்கு மறுநாள் கூடிய 1.8 கிலோ: அன்றாட எடையை எப்படிக் கணக்கில் எடுப்பது?

திருமங்கலத்தான்:

வணக்கம். எனக்கு வயது 43. உயரம் 168 சென்டிமீட்டர். அலுவலகத்தில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1 என்று வந்தது. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதும் தெரிந்தது. மருத்துவர் மாத்திரை எதுவும் எழுதாமல், ஆறு மாதத்தில் ஆறு கிலோவாவது குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். அன்று என் எடை 84.6 கிலோ.

இரவில் சோற்றை விட்டுவிட்டேன், காபிக்குச் சர்க்கரையை நிறுத்தினேன், காலையில் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். எழுந்ததும் கழிப்பறைக்குப் போய்வந்து, வெறும் வயிற்றில் எடை பார்த்து, சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரில் என் தாயார் பால் கணக்கு எழுதும் கட்டத்தின் மேல்மூலையில் அதைக் குறித்துவிடுகிறேன். முதல் பத்து நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் இறங்கியது; பிறகு வேகம் குறைந்துவிட்டது. சென்ற வாரம் திங்கள் முதல் ஞாயிறு வரை கண்ட எண்கள் இவை: 82.3, 82.0, 82.4, 81.8, 82.0, 81.6, 81.7.

அந்த ஞாயிற்றுக்கிழமை நெருங்கிய உறவில் ஒரு காதணி விழா. மதியம் மட்டன் பிரியாணியும் எலும்பு ரசமும் சாப்பிட்டேன். இரவும் அங்கேயே பந்தி. மறுநாள் காலை எடை 83.5. காலண்டரைப் பார்த்த தாயார், "ஒரு மாசம் வாயக் கட்டுனது ஒரே பந்தியில போச்சா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

கூடிய இந்த 1.8 கிலோ கொழுப்புதானா? நாள்தோறும் எடை பார்ப்பது சரியா, வாரம் ஒருமுறை போதுமா? இன்னொரு சந்தேகமும் உண்டு. என்னுடைய கருவி குளியலறை டைல்ஸ் தரையில் ஓர் எடையும், கூடத்தில் விரிப்பின் மேல் அதைவிட 600 கிராம் மாறுபட்ட எடையும் காட்டுகிறது. எதை நம்புவது?

தராசுமுள்:

ஐயா, முதலில் பெருக்கிப் பார்த்துவிடுவோம். உடலில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், அன்றாடத் தேவைக்குப் போக ஏறத்தாழ 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். 1.8 கிலோவுக்கு அது 13,860 ஆகிறது. விருந்துச் சாப்பாடு ஒன்றுக்கு 1,500 கலோரி என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், நீங்கள் அன்று ஒன்பது முறை கைகழுவிவிட்டு வந்து மறுபடியும் பந்தியில் உட்கார்ந்திருக்க வேண்டும். உங்கள் தாயாருக்கு இந்தக் கணக்கையே பதிலாகச் சொல்லலாம்.

அப்படியானால் கூடியது எது? ஒரு பகுதி, இன்னும் குடலைவிட்டு வெளியேறாத உணவு. இறைச்சி விருந்து ஒரே இரவில் முழுதும் கழிந்துவிடாது. இன்னொரு பகுதி, உப்பு பிடித்துவைத்த தண்ணீர். மருத்துவமனையில் ஏற்றும் சலைன் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு இருக்கிறது; நம் உடல்நீரின் அடர்த்திக்கு ஒத்துவரும் அளவு அது. ஆகவே வழக்கத்துக்கு மேல் உள்ளே போகும் ஒவ்வொரு 9 கிராம் உப்பும், சிறுநீரகம் அதை வெளியேற்றும் வரை, ஒரு லிட்டர் அளவுக்குத் தண்ணீரை நிறுத்திவைக்கக்கூடும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பிரியாணி, குழம்பு, ஊறுகாய், அப்பளம் என்று இரண்டு வேளையும் பந்தியில் உட்கார்ந்த நாளில் அந்த வரம்பு எப்போதோ தாண்டியிருக்கும்.

மூன்றாவது பகுதிதான் உங்கள் முதல் பத்து நாளின் வேகத்தையும் விளக்குகிறது. நாம் உண்ணும் மாவுச்சத்தில் ஒரு பங்கை உடல் கிளைகோஜன் என்ற வடிவில் கல்லீரலிலும் தசைகளிலும் சேமித்துவைக்கிறது. இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ அரைக் கிலோ இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு வைத்திருக்கும். இரவுச் சோற்றையும் சர்க்கரையையும் நிறுத்தியதும் இந்த இருப்பு இறங்க, தண்ணீரும் உடன் வெளியேறியது. எனவே அன்று போன இரண்டு கிலோவில் பெரும்பகுதி கொழுப்பல்ல. ஞாயிறன்று திரும்பியதிலும் பெரும்பகுதி கொழுப்பல்ல. முதலாவதை முழு வெற்றியாக எடுத்துக்கொண்டதால்தான் இரண்டாவது உங்களுக்கு முழுத் தோல்வியாகத் தெரிகிறது.

கருவியைப் பற்றி: அதன் அடியிலுள்ள நான்கு கால்களிலும் பாரத்துக்கு ஏற்ப மிக நுட்பமாக வளையும் உலோகத் தகடுகள் இருக்கின்றன. மெத்தென்ற விரிப்பில் கால்கள் அழுந்தினால், பாரம் அந்தத் தகடுகளின் மேல் ஒழுங்காக இறங்காது. டைல்ஸ் தரையில் ஒரே இடத்தில் வைத்து, அங்கேயே எப்போதும் பாருங்கள். நம்பிக்கை வர வேண்டுமானால், கடைக்காரர் கொடுக்கும் 26 கிலோ அரிசிச் சிப்பத்தைப் பிரிப்பதற்கு முன் ஐந்தாறு முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். (25 கிலோ வரையிலான சிப்பத்துக்கு 2022இல் ஜிஎஸ்டி வந்தபோது முளைத்த 26 கிலோவுக்கு இப்படியும் ஒரு பயன்.) சாக்கின் எடை சேரும் என்பதால் சரியாக 26 காட்டுகிறதா என்பது முக்கியமல்ல, ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணைக் காட்டுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நாள்தோறும் பாருங்கள், ஆனால் நாளின் எண்ணைக் கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். நீங்கள் கொடுத்த ஏழு எண்களின் கூட்டுத்தொகை 573.8, சராசரி 81.97. திங்களன்று பழைய 82.3ஐ விட்டு 83.5ஐச் சேர்த்தால் தொகை 575.0, சராசரி 82.14. தராசில் 1.8 கிலோ ஏறியபோது சராசரி ஏறியது 170 கிராம்தான். கூட்டி வகுக்கச் சலிப்பாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. ஆட்டோடெஸ்க் என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஜான் வாக்கர் தன் எடையைக் குறைத்தபோது கையாண்டு, பிறருக்கும் பரிந்துரைத்த முறை அது. அன்றாட ஏற்ற இறக்கத்தை மட்டுப்படுத்தி எடை போகும் திசையைக் காட்டும் எண்ணைப் போக்கு எண் என்று வைத்துக்கொள்வோம். நேற்றுவரையிலான போக்கு எண் 82.4, இன்றைய எடை 83.5 என்றால், வித்தியாசமான 1.1இல் பத்தில் ஒரு பங்கை மட்டும் சேர்த்துப் புதிய போக்கு எண்ணை 82.51 என்று எழுதிக்கொள்ள வேண்டும். விருந்து வந்தாலும் விரதம் வந்தாலும் இந்த எண் அதிகம் ஆடாது.

இப்படித் தன்னைத்தானே நிறுத்துப் பார்ப்பது பழைய பழக்கம். இத்தாலியில் பாதுவா நகரத்து மருத்துவர் சாந்தோரியோ (1561–1636), தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் அமர்ந்து, உண்டதையும் பருகியதையும் கழித்ததையும் சேர்த்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நிறுத்துப் பார்த்தார். உள்ளே போனதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமலே வெளியேறுகிறது என்பது அவர் கண்டது. மூச்சிலும் தோலிலும் போவதுதான் அது. இரவு படுக்கும் முன்பும் எழுந்த உடனேயும் எடை பார்த்தால் நீங்களும் அதைக் காணலாம்.

பொருநைக்கரை:

மேலே எழுதிய ஐயாவின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் ஏழு நாள் சராசரி எல்லோருக்கும் போதாது என்பதை ஒரு பெண்ணாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் ஒன்று, ஒன்றரைக் கிலோ ஏறிவிடும். விலக்கு வந்த மூன்று நான்கு நாளில் அதுவாகவே இறங்கும். ஏற்றம் ஒரு நாள் இரண்டு நாளாக இல்லாமல் வாரம் முழுவதும் நீடிப்பதால் சராசரியும் சேர்ந்தே ஏறிவிடுகிறது. இது புரியாத காலத்தில், இரண்டு முறை, சரியாக அந்த வாரத்தில்தான், எதைச் செய்தும் பயனில்லை என்று எல்லாவற்றையும் விட்டிருக்கிறேன். இப்போது விலக்கான ஐந்தாம் நாள் எடையைச் சென்ற மாதத்து ஐந்தாம் நாள் எடையோடு மட்டும் ஒப்பிடுகிறேன். புதிதாக எடை தூக்கும் பயிற்சி தொடங்கியவர்களும் பொறுத்திருக்க வேண்டும். வலிக்கும் தசை சரியாகும் வரை அதில் நீர் தங்கும்.

"தண்ணீர்தானே" என்று எல்லோரும் விட்டுவிடவும் கூடாது. என் தந்தை இதயச் செயலிழப்புக்கு மருந்து உண்பவர். அவரும் தினமும் எடை பார்க்கிறார், ஆனால் காரணம் வேறு: மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது அவருடைய மருத்துவரின் கட்டளை. சென்ற ஆண்டு, காலில் வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எடைக் குறிப்புதான் காட்டிக்கொடுத்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். ஸ்டீராய்டு, இன்சுலின் போன்றவை எடையைக் கூட்டக்கூடும் என்பதால், புதிய மருந்து தொடங்கிய தேதியையும் காலண்டரில் குறித்துவைப்பது நல்லது. எந்த முயற்சியும் செய்யாமல் எடை தானாக இறங்கிக்கொண்டே போனாலும் அது மகிழ்வதற்குரிய செய்தி அல்ல. மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

திருமங்கலத்தார் வைத்திருப்பது கொழுப்பு விழுக்காடும் காட்டும் கருவியாக இருந்தால், அந்த எண்ணை நம்பி வருந்த வேண்டாம். பாதங்களின் வழியே மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, அதற்கு ஏற்படும் தடையை வைத்து ஊகிக்கும் எண் அது. உடலில் நீர் கூடினாலும் குறைந்தாலும் மாறிவிடும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அந்த வகைக் கருவியில் ஏறவே கூடாது.

பழைய சட்டை:

நான் மாறுபடுகிறேன். நாள்தோறும் எடை பார்ப்பது சிலருக்குக் கருவி, சிலருக்கு நோய். நான் இரண்டாவது வகை. ஒருகட்டத்தில் நாளுக்கு நான்கு முறை ஏறினேன். காலை எண் குறைவாக வர வேண்டும் என்பதற்காக முன்னிரவில் தண்ணீர் குடிக்காமல் படுத்தேன். 200 கிராம் கூடிய காலைகளில் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. சராசரிக் கணக்கு எனக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்திருந்தும் மனம் அதைக் கேட்கவில்லை.

இப்போது சனிக்கிழமை காலை மட்டும் எடை. மாதம் ஒருமுறை இஞ்ச் டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், வயிற்றை உள்ளே இழுக்காமல் அளக்க வேண்டும். இந்தியர்களுக்கு ஆண்கள் என்றால் 90 சென்டிமீட்டர், பெண்கள் என்றால் 80 சென்டிமீட்டர் என்பதை எல்லையாகக் கொள்கிறார்கள். கேள்வி கேட்டவருக்குச் சர்க்கரைதான் கவலை என்பதால் ஒன்றை நினைவூட்டுகிறேன். நீரிழிவின் வாசலில் நின்ற இந்தியர்களைக் கொண்டு சென்னையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், உணவையும் உடலுழைப்பையும் மாற்றியவர்களுக்கு மூன்றாண்டுகளில் நீரிழிவு வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களுடைய எடை குறிப்பிடும்படி இறங்கவில்லை என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. தராசு அசையாத மாதத்திலும் நீங்கள் நடந்த நடை வீணாகவில்லை.

தராசுமுள்:

பழைய சட்டை அவர்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். எண்ணைப் பார்த்ததும் தூக்கமோ உணவோ கெடுகிறது என்றால் தராசை ஒதுக்கிவிடுவதே சரி. ஆனால் வாரம் ஒருமுறை பார்ப்பவருக்கு வேறோர் இடர் உண்டு. சனிக்கிழமைக்கு முந்தைய நாள் கல்யாணமாக அமைந்துவிட்டால், ஒரு வாரத்து உழைப்புக்கும் அந்த ஒரே எண் சாட்சியாகிவிடும். நம் நண்பருக்குக் கல்லீரல் கொழுப்பும் இருப்பதால் அவர் எடையை மறந்துவிடவும் முடியாது. தொடக்க எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்குகிறது. அவருக்கு அது 4.2 கிலோ, அதாவது 80.4. மருத்துவர் சொன்ன ஆறு கிலோ என்பது 7 விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது.

திருமங்கலத்தான்:

மூவருக்கும் நன்றி. திங்களுக்குப் பிந்தைய எண்கள்: 82.9, 82.4, 81.9, 81.6. நான்கு நாளில் நான் புதிதாக எதுவும் செய்யவில்லை; வழக்கமான உணவு, வழக்கமான நடை. 13,860 கணக்கைத் தாயாரிடம் சொன்னேன். ஒன்பது பந்தி என்றதும் சிரித்துவிட்டு, "உங்க தாத்தா உக்காந்துருப்பாரு" என்றார். வியாழனன்று இஞ்ச் டேப்பும் வைத்துப் பார்த்தேன்: 101 சென்டிமீட்டர். பேன்ட்டின் இடுப்பளவான 36ஐ நம்பிக்கொண்டிருந்தவனுக்கு அது அதிர்ச்சிதான். பேன்ட் இத்தனை நாளும் தொப்பைக்குக் கீழே நின்றிருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். அடுத்த வாரம் மூன்று நாள் வெளியூர்ப் பயணம். தங்கும் இடத்துக்குப் பக்கத்து ரயில் நிலையத்தில் காசு போட்டு எடை பார்த்து அந்த எண்ணை எழுதலாமா, அல்லது முன்பின் நாட்களின் எண்ணை வைத்து நிரப்பிக்கொள்ளலாமா?

தராசுமுள்:

இரண்டும் வேண்டாம், ஐயா. ரயில் நிலையத்தில் செருப்பும் சட்டையும் சட்டைப்பையில் இருப்பதும் சேர்ந்து ஏறும். அது வேறு கருவியும்கூட. மூன்று கட்டங்களையும் காலியாக விட்டுவிட்டு, இருக்கும் நான்கு எண்களைக் கூட்டி நான்கால் வகுத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து திரும்பிய மறுநாள் காலை எடை கூடுதலாகத்தான் இருக்கும். அதையும் அப்படியே எழுதுங்கள்.