கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக் கால்வாய்ப் பாலத்துக்கு அடியில படகு போச்சாம்!

பெண்ணையாத்தான்:
காவேரிப்பட்டணம் பக்கம் கால்வாய்ப் பாலத்தைப் படம் பிடிச்சு ஒருத்தர் போட்டிருக்கார்: "தாது வருஷப் பஞ்சத்துல வெள்ளைக்காரன் வெட்டின கால்வாய், படகு போன பாலம்." ஊரே பகிருது. ஐயா, அது கே.ஆர்.பி. அணைக் கால்வாய். அணையே 1950கள்ல, காமராஜர் முதல்வரா இருந்தப்ப வந்தது. அணைக்கு முன்னாடி அதோட கால்வாய் எப்படி வரும்?

மாங்கனி மைந்தன்:
அந்த ஒருத்தர் நான்தான். எங்க தாத்தா சொன்னது. படகு போச்சு. மாங்கூழ் ஃபேக்டரி விவாதத்துல பதில் சொல்ல முடியாம என்னை பிளாக் பண்ணவர்தானே நீங்க?

பெண்ணையாத்தான்:
பேச்சை மாத்தாதீங்க. தாது வருஷப் பஞ்சம், படகு எல்லாம் சென்னை பக்கிங்ஹாம் கால்வாய்க் கதை. 1806-ல ஆரம்பிச்சது. 1876-78 பஞ்சத்துல கூலிக்கு ஆள் வெச்சு அடையாறையும் கூவத்தையும் இணைச்சு வெட்டினாங்க. விறகு, உப்பு எல்லாம் படகுல வந்துச்சு. நம்மது 9,012 ஏக்கர் பாசனத்துக்கு வெட்டினது. போகம் முடிஞ்சா மதகை அடைச்சிருவாங்க. அப்புறம் படகு என்ன முள்ளுச்செடி மேலயா போச்சு?

மாங்கனி மைந்தன்:
தண்ணி இருக்கறப்ப போச்சு. ஒகேனக்கல்ல பரிசல் போகலையா?

தகடூரான்:
ஒகேனக்கல் தர்மபுரி மாவட்டம். உங்க சண்டைக்கு எங்க ஊரை இழுக்காதீங்க.

மாங்கனி மைந்தன்:
2004 வரைக்கும் கிருஷ்ணகிரிக்காரங்க நாங்களும் தர்மபுரி மாவட்டம்தான் சார்.

தகடூரான்:
அணை கட்டினப்ப ரெண்டு பேருமே சேலம் மாவட்டம். தர்மபுரி பிரிஞ்சதே 1965-ல. அப்ப பாலத்தைச் சேலத்துக்காரங்க கேட்டா தூக்கிக் குடுத்துருவீங்களா?

பாரூர்க்காரன்:
நெடுங்கல் தடுப்பணையில இருந்து எங்க பாரூர் ஏரிக்கு வர்ற வாய்க்காலைப் பத்தி மட்டும் யாரும் வாயைத் தொறக்காதீங்க. படகு விடணும்னா ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணைக்குப் போங்க. கழிவுத் தண்ணி நுரையிலயே மிதக்கும்.

மாங்கனி மைந்தன்:
காமராஜர் காலத்து அணையில 2017-ல ஷட்டர் உடைஞ்சுது. பாலம் அப்படியே நிக்குது. யார் கட்டினதுன்னு இதுலயே தெரியலையா?

பெண்ணையாத்தான்:
அறுபது வருஷம் தண்ணியில ஊறின இரும்பு உடையாம என்ன பண்ணும்? 52 அடித் தண்ணியைத் தாங்குற ஷட்டரும், மாட்டு வண்டி போற பாலமும் ஒண்ணா? படகுக்கு ஆதாரம் கேட்டா ஷட்டருக்குத் தாவுறீங்க. மூணாவது தடவையா கேக்கறேன். எந்த ஊர்ல இருந்து எந்த ஊருக்குப் போச்சு? என்ன ஏத்திக்கிட்டுப் போச்சு?

மாங்கனி மைந்தன்:
மாங்காய்.

பெண்ணையாத்தான்:
யோவ்!

மாங்கனி மைந்தன்:
மரியாதை முக்கியம். ஞாயித்துக்கிழமை பாலத்துக்கு வாங்க. படகு கட்டின இரும்பு வளையத்தைக் காட்டறேன்.

பாரூர்க்காரன்:
அது எருமை கட்டுற வளையம்ங்க.

மாங்கனி மைந்தன்:
எருமையை எவனாவது பாலத்துல கட்டுவானா? படகுதான்.